அத்தியாயம் 7: கார்புரேட்டரை வீட்டிலேயே சுத்தம் செய்தல்

பழைய புல்லட் வண்டியை வைத்திருப்போர் பலர், அதை இரண்டு மூன்று மாதங்கள் வெளியே எடுக்காமல் தாழ்வாரத்தில் நிறுத்திவைத்துவிட்டு, பின்னொரு நாள் எடுத்து உதைக்கும்போது அது உயிர் பெறாமல் அடம்பிடிப்பதையும், சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கை எடுத்த மாத்திரத்தில் நின்றுவிடுவதையும் கண்டு, என்ஜினுக்கே ஏதோ பெருங்கேடு நேர்ந்துவிட்டதாக எண்ணிக் கலங்குகிறார்கள். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் கேடு என்ஜினில் இருப்பதில்லை; கார்புரேட்டருக்குள்ளே, ஒரு மில்லிமீட்டரில் பாதியைக்கூட எட்டாத ஒரு துவாரத்தில், உலர்ந்து படிந்துபோன பெட்ரோல் பிசினில்தான் இருக்கிறது. அந்தத் துவாரத்தை, அதன் அளவு இம்மியும் மாறாதபடி, சாதாரணக் கருவிகளைக்கொண்டு வீட்டிலேயே திறந்துவிடும் முறையை இந்த அத்தியாயத்தில் காண்போம்.

உதாரணமாக நாம் எடுத்துக்கொள்வது 350 சி.சி. புல்லட். இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா என்ற பெயரில் தொழில் தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை அமைத்த நாள்முதலாக, இந்த வண்டி தென்னாட்டுச் சாலைகளில் ஓடிவருகிறது. ஆரம்ப காலத்து வண்டிகளில் பர்மிங்ஹாம் அமால் கம்பெனியாரின் மோனோபிளாக் வகைக் கார்புரேட்டர் இருந்தது. பின்னர் வந்தவற்றில், ஜப்பானிய மிக்குனி கம்பெனியின் அமைப்பைத் தழுவிச் சென்னை வட்டாரத்து யூகால் நிறுவனம் தயாரித்த மிக்கார்ப் பொருத்தப்பட்டது. இன்று கைக்கு அதிகமாக அகப்படுவது மிக்கார்ப்தான் என்பதால், அதையே விரிவாகச் சொல்லி, அமால் எங்கே வேறுபடுகிறதோ அங்கே மட்டும் அதைக் குறிப்பிட்டுச் செல்வேன்.

கருவியின் தத்துவம்

திருப்புளியைக் கையில் எடுக்கும் முன், இந்தச் சிறிய யந்திரம் என்ன காரியத்தைச் செய்கிறது என்பதை மனத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். ஏனெனில், எந்தத் துவாரம் எதற்கு என்று தெரியாமல் சுத்தம் செய்பவர் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு, காரணமான அழுக்கை உள்ளேயே விட்டுவிடுவார். ஓடுகிற திரவத்தின் வேகம் கூடுகிற இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது என்ற உண்மையை டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்டார். காற்றும் அவ்விதமே நடந்துகொள்கிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சப்படும் காற்று, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தைக் கடக்கையில் வேகம்கொண்டு அழுத்தம் இழக்க, கீழே கிண்ணத்தில் சாதாரண அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோல், ஜெட் என்னும் பித்தளைத் துண்டின் நுண்ணிய துவாரம் வழியாக மேலேறிப் பொடித்துளியாகச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. புல்லட்டின் சிலிண்டர் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர்; நான்கடி என்ஜின் ஆதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை உறிஞ்சுகிறது; நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும்போது, கணக்குப்படி ஏறத்தாழ 700 லிட்டர் காற்று அந்தக் கழுத்தைக் கடந்து செல்ல வேண்டும். எடையில் சுமார் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் சேர்ந்தால்தான் எரிதல் பூரணமாகும் என்பதால், இவ்வளவு காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை அளந்து விடுகிற பொறுப்பு முழுவதும் நூல்போன்ற அந்தத் துவாரங்களைச் சார்ந்திருக்கிறது.

அந்தப் பொறுப்பை ஒரே துவாரம் ஏற்றுக்கொள்வதில்லை. ஆக்சிலரேட்டரை முற்றிலும் மூடியிருக்கும்போதும், எட்டில் ஒரு பங்குவரை திறக்கும்போதும் பைலட் ஜெட் வேலை செய்கிறது. அதற்கு மேல் கால் பங்குவரை, ஆக்சிலரேட்டர் கேபிள் தூக்குகிற ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சாய்வு ஆட்சி செய்கிறது. காலிலிருந்து முக்கால்வரை ஸ்லைடிலிருந்து தொங்கும் கூர்ந்த ஊசி. அதற்கும் மேலே மெயின் ஜெட். இந்தக் கிரமத்தை மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு வண்டியே தன் நோயைச் சொல்லிவிடும். ஐடிலிங் நிலைக்காமல் அணைந்து போகிறது, ஆனால் ரோட்டில் வேகமாக ஓட்டினால் குறையில்லை என்றால் அடைப்பு பைலட்டில். மெதுவாகப் போகையில் சரியாக இருந்து, முழுதும் முறுக்கியதும் தேங்கித் தேங்கி இழுத்தால் மெயின் ஜெட்டில், அல்லது டாங்க்கிலிருந்து பெட்ரோல் போதிய அளவு இறங்காமையில். நிறுத்தியிருக்கும்போதே கிண்ணத்தின் குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டினால், கோளாறு கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலை நிறுத்துகிற மிதவை ஊசியில்.

மிக்கார்ப்பில் சோக் என்று நாம் அழைக்கும் நெம்புகோல், காற்றை மறிக்கும் தகடு அன்று. அது தனக்கென்று ஒரு சிறிய ஜெட்டும் தனக்கென்று ஒரு வழியும் உடைய வேறொரு பெட்ரோல் பாதையைத் திறந்துவிடும் அடைப்பான். ஆகையால்தான் பைலட் ஜெட் முழுவதும் அடைத்துக்கொண்ட வண்டிகூட சோக் போட்டால் தாராளமாக ஓடுகிறது. சோக்கை எடுத்ததும் நிற்கிறது. வேறெந்தப் பரிசோதனையும் இல்லாமல் இந்த ஓர் அடையாளத்தை வைத்தே, பத்தில் ஒன்பது வண்டிகளில் அடைப்பு பைலட் பாதையில் இருக்கிறதென்று நான் தைரியமாகச் சொல்வேன்.

ஆயினும் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஒரு நியாயமான சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் ஹெட்டின் மேல் வைத்து, பிளக் துவாரத்திலிருந்து எட்ட வைத்துக்கொண்டு, கிக்கரை அழுத்தி நல்ல நீலப் பொறி வருகிறதா என்று பாருங்கள். பொறி மஞ்சளாகவும் மெலிந்தும் வந்தால் கான்டாக்ட் பாயின்டையும் கண்டன்சரையும் முதலில் கவனியுங்கள். பாயின்டின் கோளாறைக் கார்புரேட்டரின் தலையில் சுமத்தி, சரியாயிருந்த அவயவங்களைக் கழற்றிக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டிருக்கிறதா, டாங்க் மூடியிலுள்ள காற்றுத் துவாரம் மூடிக்கொண்டிருக்கிறதா என்பனவும் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடக்கூடியவை.

ஏற்பாடு

காற்றோட்டமான இடம் முதல் தேவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த அறையில் எரியும் அடுப்பையோ சுவாமி விளக்கையோ எட்டிவிடும். ஆதலால் சமையலறையை ஒட்டிய இடத்திலும், மூடிய அறையிலும் இந்த வேலையைச் செய்யலாகாது; வாசலிலோ மொட்டைமாடி நிழலிலோ செய்வதே உத்தமம். பாட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். ஜெட்டின் வழியாகப் பீய்ச்சும் திரவம் எதிர்பாராத ஒரு மூலையிலிருந்து திரும்பிக் கண்ணில் அடிக்கும் என்பதை, இந்தப் பாதைகளின் வளைவை அறிந்த எவரும் மறுக்கமாட்டார்கள்.

கருவிகளில் விசேஷமானது ஒன்றுமில்லை: அளவுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், கூர்மை மழுங்காத ஸ்டார் திருப்புளி, ஜெட்டின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் தட்டைத் திருப்புளி, கார்புரேட்டர் கிளீனர் என்று டப்பாவில் விற்கும் பீய்ச்சுத் திரவம், பழைய பல்துலக்கி ஒன்று, வெள்ளைப் பழந்துணி, விளிம்புள்ள ஓர் எவர்சில்வர் தட்டு. இவற்றுள் திருப்புளியின் பொருத்தத்தை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜெட்டுகள் மெத்தென்ற பித்தளை. ஒல்லியான திருப்புளியால் ஒருமுறை வழுக்கினால் வெட்டு சிதைந்து, பிறகு அந்த ஜெட்டை எடுப்பதே பெரும்பாடாகிவிடும். புதிய கேஸ்கெட்டும் ஓரிங்கும் அடங்கிய கிட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் பழைய கேஸ்கெட், திறந்த பின் பெரும்பாலும் பழைய இடத்தில் உட்காராது.

கழற்றுதல்

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். குழாயைக் கழற்றும்போது அதிலுள்ள மிச்சப் பெட்ரோலைப் பிடிக்க ஒரு சீசாவை வைத்துக்கொண்டு, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி உள்ளே நிற்பதையும் அதிலேயே வடியவிடுங்கள். இப்படி வடித்த பெட்ரோலை உடனே கொட்டிவிடாமல், வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நல்ல பெட்ரோலாயின் தெளிவாயிருக்கும். பிசின் கலந்தது பழுப்பேறிப் பழைய வார்னிஷ் வாசனை அடிக்கும். அடியில் கண்ணாடிக் குண்டுகள்போல் உருளும் திவலைகள் காணப்பட்டால் அது தண்ணீர். செந்நிறத் துகள் மிதந்தால் டாங்க் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். அப்பொழுது கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் டாங்க்கைக் கவனிக்காதவரையில் பயனில்லை. 2023-ஆம் ஆண்டுமுதல் நம் நாட்டில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து எங்கும் பரவியபின், தண்ணீர்த் திவலைகள் காணப்படுவது முன்னைவிடச் சகஜமாகிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் சுபாவமுடையது. ஈரம் அளவுக்கு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து, கனத்தினால் கிண்ணத்தின் அடியில் தங்கி, அங்கேயே துத்தநாகக் கலவையை அரித்து வெண்மையான மாவுபோன்ற பொருளை உண்டாக்குகிறது.

அடுத்து, கார்புரேட்டரின் தலையிலுள்ள மூடியைக் கையால் திருகிக் கழற்றினால், ஆக்சிலரேட்டர் கேபிளோடு ஸ்பிரிங்கும், ஸ்லைடும், ஊசியும் ஒன்றாக மேலே வந்துவிடும். ஸ்லைடைப் பார்த்தால் ஒரு பக்கம் நீண்ட வரிப்பள்ளம் இருப்பதும், அடியில் ஒரு புறம் சாய்வாக வெட்டியிருப்பதும் தெரியும். அந்தச் சாய்வு வெட்டு ஏர் ஃபில்டரை நோக்கியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஊசியின் தலையில் வரிசையாக உள்ள காடிகளில் எந்தக் காடியில் கிளிப் மாட்டியிருக்கிறது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிளிப்பை மாற்றாமல், கேபிளிலிருந்து எதையும் பிரிக்காமல், ஸ்லைடைத் துணியில் சுற்றிக் கைப்பிடியின் மேல் தொங்கவிட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

கார்புரேட்டர் என்ஜினோடு இணையும் இடத்தில் சில வண்டிகளில் இரண்டு ஸ்டட்டும் நட்டும் இருக்கும். சிலவற்றில் ரப்பர் குழாயும் கிளிப்பும். நட்டு உள்ள வகையில் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே, வெப்பம் தாவாமல் தடுக்கும் கறுப்பு நிறத் துண்டு ஒன்றைக் காண்பீர்கள்; அதைத் தொலைத்துவிட்டு நேரே பூட்டினால், வெயில் காலத்தில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஆவியாகி வண்டி வழியில் நின்றுவிடும்.

ஜெட்டுகள்

இனிக் கார்புரேட்டரைத் தட்டில் வைத்துக் கிண்ணத்தைத் திறக்கலாம். திருகுகள் பல வருஷம் இறுகியிருப்பின், ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி விட்டு, சிறிது நேரம் பொறுத்து, திருப்புளியின் தலையில் மரச்சுத்தியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டி, பிறகு முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டு திருப்புங்கள். அவசரப்பட்டு ஸ்பேனரை வைத்து நெம்பினால் திருகின் தலை போய்விடும்.

கிண்ணத்தைத் தூக்கியதும் மிதவைகள் இரண்டும், அவை ஆடுகிற சிறு பின்னும் கண்ணில் படும். பின்னை ஒரு பக்கமாகத் தள்ளி எடுத்தால் மிதவை வரும். அதனோடு விரலளவுகூட இல்லாத மிதவை ஊசியும் வரும். அதைத் தட்டில் தனியே வைத்துவிடுங்கள். நடுவிலுள்ள தூணின் அடியில் அறுகோணமான பித்தளைத் துண்டுதான் மெயின் ஜெட். அதை அவிழ்த்தபின், உள்ளே ஊசி இறங்குகிற குழாயை மரக்குச்சியால் மேலேயிருந்து மெல்லத் தள்ளினால் அதுவும் கையில் வந்துவிடும். பக்கத்திலுள்ள மற்றொரு துவாரத்தின் ஆழத்தில், தட்டைத் திருப்புளியை ஏற்கும் வெட்டுடன் ஒளிந்திருப்பது பைலட் ஜெட். அதைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே வானத்தை நோக்கிப் பிடியுங்கள். சுத்தமான ஜெட்டில் துவாரம் ஊசிமுனையளவு ஒளிப்புள்ளியாக, வட்டமாக, விளிம்பு கூர்ந்து தெரியும். அடைத்துக்கொண்ட ஜெட்டில் ஒளியே தெரியாது. பாதி அடைத்ததில் ஒளி பிறையாகவோ மங்கலாகவோ தெரியும். பிறையாகத் தெரிவதைச் சுத்தம் என்று ஏற்றுக்கொண்டவருக்குத்தான் அடுத்த வாரம் மறுபடியும் கார்புரேட்டரைக் கழற்ற நேரும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஜெட்டின் துவாரத்தில் இரும்புக் கம்பியையோ, தையல் ஊசியையோ, குண்டூசியையோ ஒருபோதும் நுழைக்காதீர்கள். அமால் மெயின் ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண், ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு நிமிடத்தில் அதன் வழியாகச் செல்லும் பெட்ரோலின் அளவைக் காட்டுகிறது. துவாரத்தின் உள்சுவரில் ஒரு கீறல் பட்டாலும் அந்த அளவு மாறிவிடும். எண் மட்டும் பழையபடியே இருந்துகொண்டு நம்மை ஏமாற்றும். குத்திக் குத்தி அகலமாக்கிய ஜெட்டோடு என்னிடம் வந்த ஒரு வண்டி, பிளக்கைக் கரியால் மூடிக்கொண்டும் பெட்ரோலை அளவுக்கு மேல் குடித்துக்கொண்டும் ஒரு வருஷம் ஓடியிருந்தது. உரிமையாளரிடம் பழைய ஜெட்டை ஒரு புதிய ஜெட்டோடு வெளிச்சத்தில் ஒப்பிட்டுக் காட்டியபோதுதான் காரணம் பிரத்தியட்சமாயிற்று. பிசின் வலுவாக ஒட்டிக்கொண்டிருந்தால், ஜெட்டைக் கிளீனரில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் தூண்டிலில் கட்டும் மெல்லிய நைலான் நரம்பையோ, மின்சார ஒயரைப் பிரித்தெடுத்த ஒற்றைச் செம்பு இழையையோ நுழைத்து இழுங்கள். இவை பித்தளையைவிட மென்மையானவை. பிசினைத் தள்ளும், துவாரத்தைத் தீண்டா. அப்படியும் திறக்காத பைலட் ஜெட்டுக்குப் புதியது வாங்கிப் போடுவதே விவேகம். அது விலையுயர்ந்த சாமான் அன்று.

ஜெட் சுத்தமாகிவிட்டதென்று திருப்தியடைந்து மூடிவிடுவோர் பாதி வழியில் நிற்கிறார்கள். ஜெட்டுக்குப் பின்னே, கார்புரேட்டரின் உடலுக்குள் குடைந்த பாதைகள் இருக்கின்றன; கண்ணுக்குத் தெரியாதவை; கழற்ற முடியாதவை; ஆனால் அடைப்பு அதிகம் குடியிருப்பது அங்கேதான். ஏர் ஸ்குரூ என்ற சிறிய திருகை முதலில் எத்தனை சுற்றில் இறுகுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு முழுதும் அவிழ்த்து ஸ்பிரிங்கோடு எடுத்துவிடுங்கள். அதனருகே ஸ்லைடைத் தாங்கி நிற்கும் பெரிய திருகு ஐடிலிங் ஸ்குரூ. அதையும் எண்ணி எடுங்கள். இப்போது கார்புரேட்டரின் கழுத்தை என்ஜின் பக்கத்திலிருந்து நோக்கினால், ஸ்லைட் அமரும் இடத்தருகே தரையில் மிகமிக நுண்ணிய இரண்டு துவாரங்கள் தெரியும். பைலட் ஜெட் இருந்த குழியில் கிளீனரின் குழலை வைத்துப் பீய்ச்சினால், திரவம் அந்த இரண்டு துவாரங்களிலும் தனித்தனிக் கீற்றாக வெளிவர வேண்டும். ஏர் ஸ்குரூவின் குழியிலும், ஏர் ஃபில்டர் பக்கத்துக் காற்று வாயிலிலும் வர வேண்டும். ஒரு வழியை விரலால் மூடிக்கொண்டு பீய்ச்சி, மற்றதில் வருகிறதா என்று மாற்றி மாற்றிப் பார்த்தால், எந்தக் கிளை அடைத்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். இரண்டு துவாரங்களில் ஒன்றில் கீற்று வந்து மற்றொன்றில் ஈரம் மட்டும் கசிந்தால், திருப்தியடையாதீர்கள். ஊறவைத்து, காற்றடித்து, மறுபடியும் பீய்ச்சுங்கள். இந்த ஒரு காரியத்துக்கு ஒரு மணி நேரம் செலவானாலும் அது வீணான நேரம் அன்று. சோக்குக்குரிய பாதையையும் இவ்விதமே பார்த்துவிடலாம்.

காற்றடிக்கும்போது சைக்கிள் பம்ப் போதும். கம்ப்ரஸர் கிடைத்தால் மிதவையும் ஊசியும் வெளியே எடுத்தபின்தான் அதை உபயோகிக்க வேண்டும். ரப்பர், ஓரிங், மிதவை ஆகியவற்றைக் கிளீனரில் ஊறவைக்கக் கூடாது. உப்பிப் பயனற்றுப் போய்விடும். எலுமிச்சைச் சாறு கலந்த கொதிநீரில் கார்புரேட்டரை வேகவைத்துப் பளபளப்பாக்கும் ஒரு வழக்கமும் உண்டு. அது வெளியழுக்கை நன்றாகவே எடுக்கும். ஆனால் அமிலம் துத்தநாகக் கலவையையும் தின்னும். நேரம் மீறினால் ஊசி அமரும் நுண்ணிய முகங்கள் சொரசொரத்துவிடும். ஆகவே நான் அதை ஆதரிப்பதில்லை. உடலின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் பல்துலக்கியும் கொண்டு துலக்கினால் போதுமானது.

அமால் மோனோபிளாக்கில் கிண்ணம் கீழே இல்லை. பக்கத்தில் ஒரு தகட்டு மூடிக்குள் இருக்கிறது. அந்த மூடியை எடுத்து மிதவையை உருவ வேண்டும். மெயின் ஜெட்டும் பைலட் ஜெட்டும் அடியிலிருந்து தத்தம் மூடி நட்டுகளை அவிழ்த்தால் கைக்கு வந்துவிடும். சோக் பாதைக்குப் பதில், மிதவையை அழுத்திப் பெட்ரோலை நிரம்பவிடும் டிக்ளர் என்ற பொத்தான் அதில் உண்டு. மற்றபடி, பைலட் பாதையைத் திறப்பதில் சொன்ன அத்தனையும் அதற்கும் பொருந்தும்.

மிதவையும் பூட்டுதலும்

மிதவை ஊசியின் கூம்பு முகத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். வட்டமாக ஒரு வரி தேய்ந்து பள்ளமிட்டிருந்தால், அந்த ஊசி இனிப் பெட்ரோலை நிறுத்தாது; அதை மாற்றியே தீர வேண்டும். இதில் கவனமின்மை பெரும் நஷ்டத்தில் முடியும்: நிறுத்திய வண்டியில் டேப்பைத் திறந்தே விட்டிருந்தால், நிற்காத பெட்ரோல் என்ஜினுக்குள் வழிந்து, சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும், நீர்த்த ஆயிலில் ஓடும் என்ஜின் தேய்ந்துபோகும். ஓவர்ஃப்ளோ ஆன வண்டியில் ஆயிலை முகர்ந்து பார்ப்பதும், பெட்ரோல் வாசனை வந்தால் ஆயிலை மாற்றிவிடுவதும் அவசியமான கடமைகள். மிதவையைக் காதருகே குலுக்கி உள்ளே திரவம் அலைகிறதா என்று கேளுங்கள். ஓட்டை மிதவை கனத்துத் தாழ்ந்து நின்று, கிண்ணத்தில் மட்டத்தை உயர்த்திவிடும். பூட்டியபின் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால், மிதவையின் கைகள் கிண்ணம் பொருந்தும் முகத்துக்கு இணையாக நிற்பதுதான் மிக்கார்ப்புக்குரிய சரியான நிலை.

பூட்டுவது கழற்றியதன் தலைகீழ்க் கிரமந்தான். ஆயினும் சில இடங்களில் சிரத்தை வேண்டும். ஊசிக்குழாயின் பக்கத்துக் காடி, உடலிலுள்ள சிறு முளையில் அமர்ந்தாலன்றி மெயின் ஜெட்டை இறுக்காதீர்கள். ஜெட்டுகளைப் பூட்டும்போது பித்தளை என்பதை மறவாமல், விரல்நுனிப் பலத்தில் முடுக்கி, ஒரு சிறு இறுக்கத்தோடு நிறுத்துங்கள். ஹெட்டில் பொருந்தும் முகத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, சமமாகப் படிகிறதா என்று பாருங்கள்; நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கிய பழைய கார்புரேட்டர்களில், குறிப்பாக அமாலில், அந்த முகம் வளைந்திருக்கும். கண்ணாடியின் மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, வட்டமாகத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டால், அந்த வழியே திருட்டுக் காற்று நுழைவது நிற்கும். ஸ்லைடை இறக்கும்போது, அதன் வரிப்பள்ளம் உடலிலுள்ள முளையில் தானாக வழுகி இறங்க வேண்டும். சாய்வு வெட்டு ஏர் ஃபில்டரை நோக்க வேண்டும். ஊசி குழாய்க்குள் நேராகச் செல்ல வேண்டும். இவற்றுள் எதுவும் தடுத்தால் அழுத்தாதீர்கள்; எடுத்துத் திருப்பி மறுபடியும் இறக்குங்கள். மூடியைத் திருகியபின் ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டுப் பார்க்கையில், ஸ்லைட் அடியில் பட்டு டக்கென்ற ஒலி கேட்க வேண்டும். அந்த ஒலி கேட்காத வண்டியை உதைக்கலாகாது. சிக்கிய ஸ்லைடோடு ஸ்டார்ட் ஆன என்ஜின் கையை மீறி ஓடும்.

ஸ்லைடும் உடலும் பல்லாயிரம் மைல் உரசித் தேய்ந்து, ஸ்லைட் பக்கவாட்டில் ஆடுமளவுக்கு வந்துவிட்டால், அதைச் சுத்தத்தினால் சரிசெய்ய இயலாது. அப்போது புதிய கார்புரேட்டர் வாங்குவதே நேர்மையான வழி.

ஸ்டார்ட் செய்து ட்யூன் செய்தல்

பழைய பெட்ரோலை டாங்க்கிலிருந்து வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, வண்டிக்கடியில் செய்தித்தாளை விரித்து, டேப்பைத் திறந்து சில நிமிஷங்கள் காத்திருங்கள். தாளில் ஈரம் விழாவிட்டால் மிதவை ஊசி நன்றாக அமர்ந்துவிட்டது. ஏர் ஸ்குரூவை மெல்ல, இறுகிப்போகாமல், அடியில் படும்வரை உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள்; இது ஆரம்ப நிலை மட்டுமே. பிறகு பாட்டரியை மறுபடியும் இணைத்து, இக்னிஷனைப் போட்டு, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சியைச் சிறிது தாண்டச் செய்து, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கு ஒரே உதையாக உதையுங்கள். உதைக்கும்போது ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள். சோக்கின் பாதை ஸ்லைட் மூடியிருக்கும்போதுதான் முழுமையாக வேலை செய்கிறது.

என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை, அதாவது ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி வந்த பின்னரே, ட்யூனைத் தொட வேண்டும். ஐடிலிங் ஸ்குரூவால் ஓட்டத்தைச் சற்று உயர்த்திக்கொண்டு, ஏர் ஸ்குரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சிறிது பொறுத்துக் கேளுங்கள். உள்ளே திருகினால் காற்றுக் குறைந்து கலவை கனக்கும். வெளியே திருகினால் இலேசாகும். ஓட்டம் தானாகவே மிகுந்தும் ஒழுங்காகவும் கேட்கிற ஓர் இடம் கிடைக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஐடிலிங் ஸ்குரூவைத் தளர்த்தி, ஒவ்வொரு அடியும் காதால் பிரித்து எண்ணக்கூடிய நிதானத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஸ்குரூவை எவ்வளவு திருப்பினாலும் ஓட்டத்தில் மாறுதலே இல்லையென்றால், பைலட் பாதை இன்னும் சுத்தமாகவில்லை அல்லது எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது.

இரட்டைக் கார்புரேட்டர் உள்ள இரு சிலிண்டர் வண்டிகளில், ஒவ்வொன்றையும் தனித்தனித் தட்டில் பிரித்து, ஒன்றின் ஜெட்டோ ஸ்லைடோ மற்றொன்றுக்குப் போய்விடாமல் காத்து, முடிவில் இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழும்படி கேபிள் அட்ஜஸ்டரைச் சமன் செய்ய வேண்டும். இரண்டு கழுத்துகளிலும் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்கினால், முந்துவது எது, பிந்துவது எது என்பது விரலுக்கே தெரியும்.

ஒரு வாரம் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் மூக்கு பழுப்பு நிறமாயிருந்தால் கலவை சரி, கரி படர்ந்து கறுத்திருந்தால் கனம், வெளுத்திருந்தால் இலேசு. இலேசான கலவையில் ஓட்டிக்கொண்டே போவது என்ஜினை அதிகமாகச் சூடேற்றும். ஆகையால் அதைத் தாமதிக்காமல் கவனிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறுவோர் மற்றொன்றையும் தெரிந்திருப்பது நல்லது: 2240 மீட்டர் உயரத்தில் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்திருப்பதால், சமவெளியில் சரியாயிருந்த கலவை அங்கே தானாகவே கனத்து, வண்டி சோர்ந்து இழுக்கும். அது கார்புரேட்டரின் நோயன்று; மலையிலிருந்து இறங்கியதும் தானே தீர்ந்துவிடும்; அதற்காக அங்கே ஜெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

வண்டியைச் சில வாரங்கள் எடுக்கமாட்டோம் என்று தெரிந்தால், கடைசி நாள் ஓட்டி வந்து வாசலில் நிறுத்தும்போது, என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே டேப்பை மூடிவிடுங்கள். கிண்ணத்திலுள்ள பெட்ரோல் தீர்ந்து என்ஜின் தானாக நிற்கும். பிறகு வடிகால் திருகைத் தளர்த்தி எஞ்சியிருக்கும் சில துளிகளையும் வடித்துவிடுங்கள். வடித்த பெட்ரோலைச் சாக்கடையிலோ செடியடியிலோ ஊற்றாமல், மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் வாங்குகிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய ஜெட்டுகளையும், ஊசிக் காடியும் ஸ்குரூ சுற்றும் எழுதிய காகிதத்தையும் ஒரு சிறிய டப்பாவில் போட்டு, வண்டியின் டூல் பெட்டியிலேயே வைத்திருங்கள்.